நானூற்று முப்பத்து நாலு

மதுரைக்குப் போகும் மோட்டார் பஸ் சின்னமனூரைத் தாண்டியிருக்கும். அப்போதுதான் பரண் ஓரத்தில் மகனுடைய நோட்டு கிடப்பதை வீரணன் பார்த்தார்.

பிளீடர் பரீட்சைக்காகச் சுருளிவேல் ஒன்றரை வருஷம் கையில் வைத்துத் தேய்த்த நோட்டு அது. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் மடியில் இருக்கும். அதை இங்கே போட்டுவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறான்.

“மறந்துட்டுப் போயிட்டானே, மடையன்” என்றார்.

“மறக்கல மாமா. வேணும்னேதான் வச்சுட்டுப் போனாக” என்றாள் மருமகள் கருத்தம்மாள். “பரீட்சைக்கு முந்தின நாளு நோட்டைத் தொடக்கூடாதாம். தொட்டா, படிச்சதெல்லாம் கலங்கிப் போகுமாம்.”

அறுக்கப் போகிறவன் அரிவாளை வீட்டில் வைத்துவிட்டுப் போனதாக வீரணன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மருமகளிடம் மேற்கொண்டு பேச்சுக் கொடுக்கவில்லை. அவள் தேவதானப்பட்டிக்காரி. வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. நாலு வருஷத்தில் ஒருத்தரை நம்பிவிட முடியுமா? பெண்டாட்டியை நம்பவே அவருக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது. நம்பின மறுவருஷம் அவள் செத்துப்போனாள்.

மகன் படித்த விதமே அவருக்கு முதலிலிருந்து பிடிக்கவில்லை. ஒரு கடிகாரத்தை இரவல் வாங்கி எதிரில் வைத்துக்கொள்வான். பழைய பரீட்சைக் கேள்விகளை எடுத்து மூணு மணி நேரத்துக்குள் பதில் எழுதுவான். நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் பேனாவைக் கீழே போட்டுவிடுவான். யார் துரத்துகிறார்கள் என்று வீரணனுக்கு விளங்கவில்லை. தெரிந்த கேள்வியை முதலில் எழுதணும், தெரியாததைக் கடைசிக்குத் தள்ளணும் என்பான். அது பொய்ச்சாட்சி சொல்கிறவனுடைய புத்தி. இவரும் தன் பங்குக்கு ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார்.

“கேட்ட கேள்விக்கு நேராப் பதில் சொன்னவன் எந்தக் கோர்ட்டுலயும் ஜெயிச்சதில்லடா. மொத ரெண்டு கேள்விக்கு ஞாபகமில்லன்னு எழுது. அவன் அசந்த நேரம் பாத்து மூணாவதைப் போடு.”

மகன் சிரித்துவிட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

எப்படிப் படித்தாலும் சரி, அவன் பிளீடராகியே தீரவேண்டும். மேலத்தெரு நல்லகண்ணு போட்ட வழக்கு கழுத்துக்கு மேல் நிற்கிறது. மார்க்கையன்கோட்டை வாய்க்காலடியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து வாழைத் தோட்டம். வீரணனின் ஒரு வரிசை வாழை தன் நிலத்தில் நிற்கிறது என்பது நல்லகண்ணுவின் வாதம். நடுவில் சர்க்கார் நட்ட சர்வே கல் இருக்கிறதே, அதைத் தாண்டி என் வாழை ஒரு இலையாவது நீட்டியிருக்கிறதா என்பது வீரணனின் வாதம். இதுவரை மூணு வக்கீல் மாற்றியாகிவிட்டது. மூணு பேரும் கோர்ட்டு வாசலில் நல்லகண்ணுவைப் பார்த்துச் சிரித்ததைத் தன் கண்ணால் பார்த்தார். அதனால்தான் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி வழக்கை இழுத்துக்கொண்டிருந்தார். பெற்ற மகன் பிளீடராகி வந்து நின்றால், அவனாவது அப்பனை விற்கமாட்டான்.

கருத்தம்மாள் தண்ணிக்குப் போனதும் நோட்டை எடுத்தார். எந்தப் பத்திரத்தையும் கடைசி ஏட்டிலிருந்து பார்ப்பதுதான் அவர் வழக்கம். கையெழுத்து அங்கேதான் இருக்கும், மோசடியும் அங்கேதான் இருக்கும். ஏடு முழுக்க இங்கிலீஷ் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அது அவருக்கு ஆகாது. ஆனால் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்ததில் நம்பர் படிக்க வரும். பட்டாவில் இருக்கிற மாதிரி தமிழில் பேர் இருந்தால் எழுத்துக் கூட்டுவார். ஏட்டின் ஓரத்தில் நம்பர் இருந்தது. நம்பருக்கு நேரே தமிழில் பேர் இருந்தது.

425 பூசாரி சின்னக்கருப்பு. கீழே வந்தால் 430 வேலுச்சாமி. இன்னும் கீழே 433 மாயக்காள். மொத்தம் பதினாறு வரி. அதுவரை படித்த பேரெல்லாம் கூட இருந்தே குடிகெடுக்கிறவர்கள் என்று வீரணன் முப்பது வருஷமாகச் சொல்லி வந்தவர்கள்தான். பரவாயில்லை, பயல் ஆளை எடைபோடக் கற்றுக்கொண்டான் என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது.

மாயக்காளுக்கு அடுத்த வரியில் விரல் நின்றது. 434 வீரணன்.

அப்பா என்றுகூட இல்லை. மொட்டையாக வீரணன்.

மேலிருந்து கீழே மறுபடி விரலை ஓட்டினார். நல்லகண்ணுவின் பேரைக் காணோம். ஊரில் இத்தனை பேர் பேரை எழுதினவன், அப்பன் பேரையும் எழுதினவன், அப்பனுடைய எதிரி பேரை மட்டும் விட்டிருக்கிறான்.

வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. நோட்டைப் பருத்திக்கொட்டைக் கூடைக்குள் அமுக்கிவிட்டு வெளியே வந்தார்.

“மாமா, பரண்ல இருந்த நோட்டைப் பாத்தீகளா?”

“எந்த நோட்டு?”

அன்று சாயங்காலத்துக்குள் அவள் மூணு தடவை கேட்டுவிட்டாள். அடுக்குப்பானையை இறக்கித் தேடினாள், கோழிக்கூட்டுக்குள் கையை விட்டுத் தேடினாள். இவளுக்கு அந்த நோட்டின்மேல் என்ன இத்தனை அக்கறை? இவளும் கூட்டுத்தான் என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலையில், உன் ஆத்தாளைப் பார்த்து ரொம்ப நாளாச்சே, போய் இருந்துவிட்டுச் சுருளி திரும்பும்போது அவனோடு வா என்று சொல்லி மோட்டாரில் ஏற்றிவிட்டார். நாலு வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. காரணம் கேட்டால் மாற்றிவிடுவாரோ என்று அவள் கேட்காமல் ஏறிக்கொண்டாள்.

அப்படியே நடந்து சின்னமனூர் போய் வக்கீல் குமாஸ்தா ஜெபமணி வீட்டில் உட்கார்ந்தார்.

“ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நானூத்து முப்பதுன்னா சட்டத்துல என்ன?”

ஜெபமணி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “யார் மேல போடப்போறீக?”

“யார் மேலயும் இல்ல.”

“அப்ப உங்க மேல யார் போட்டாக?”

மாட்டுச் சந்தையில் ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான், அர்த்தம் தெரியவில்லை, அதனால் கேட்கிறேன் என்றார் வீரணன். ஜெபமணி நம்பவில்லை. நம்பாமலே தடிப் புத்தகத்தைப் பிரித்தார்.

“வெள்ளாமைக்குப் போற தண்ணியக் கெடுக்கிறது. அஞ்சு வருசம்.”

வீரணனுக்கு உச்சி குளிர்ந்தது. வேலுச்சாமியின் வயல் இவர் வயலுக்கு மேல்மடையில் இருக்கிறது. இவர் முறை வருகிற நாளில் மட்டும் வாய்க்காலில் தண்ணி நூலாக வரும். கேட்டால் அணையிலேயே குறைத்துவிட்டான் என்பான். சுருளி அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

“நானூத்து முப்பத்து மூணு?”

“சமுத்திரத்துல கப்பலுக்கு வழிகாட்டுற வெளக்கு இருக்குல்ல, அதை அழிக்கிறது. ஏழு வருசம்.”

இதை நம்ப அவருக்கே கொஞ்ச நேரமானது. மாயக்காள் பக்கத்து வீட்டு விதவை. மாடு, கோழி தவிர வேறு ஒன்றும் அறியாதவள். பிறகுதான் பொறி தட்டியது. போன வருஷம் ராமேசுவரம் போய்விட்டு வந்தாள். வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கடலில் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அதுதானா சங்கதி.

போவதற்கு எழுந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார். “அதுக்கு அடுத்தது?”

“சர்க்கார் நட்ட எல்லைக் கல்லை நகத்துறது. ஒரு வருசம்.”

வீரணன் மறுபடி உட்கார்ந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாசம், ஊரே வண்டி கட்டி வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்த பட்டப்பகலில் அவர் தனியாளாக அந்தக் கல்லைப் பிடுங்கி ஆறடி தள்ளி நட்டார். ஒரு வரிசை வாழைக்கு இடம் கிடைத்தது. மண்ணைக் கெட்டித்து, மேலே சருகைப் பரப்பி, தண்ணி தெளித்துவிட்டு, மறுநாள் இவரும் திருவிழாவுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அப்போது இன்னும் அவளை நம்ப ஆரம்பிக்கவில்லை. மூணு வக்கீலிடமும் சொல்லவில்லை. கல் நகர்ந்தது அவருக்கும் வீரபாண்டி ஆத்தாளுக்கும்தான் தெரியும். அப்படியிருக்கச் சுருளிக்கு யார் சொன்னது?

திரும்பி வரும்போது மடையில் வேலுச்சாமி மண்வெட்டியோடு நின்றான். இவனாக இருக்குமோ? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவன் திருவிழாவுக்குப் போகாமல் எங்காவது பதுங்கியிருந்திருப்பானோ? வாயைக் கிண்டிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் போனார்.

“வேலு, உன் நம்பரு நானூத்து முப்பது.”

“என்ன நம்பருண்ணே?”

“தண்ணி. அஞ்சு வருசம். உன்ன மாதிரி பல பேரை என் மகன் நோட்டுல எழுதி வச்சிருக்கான்.”

வேலுச்சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தான். இவர் முறையில் மடைக்குள் வைக்கோல் பிரியைத் திணித்தது வாஸ்தவம்தான், ஆனால் மூணே தடவைதான் என்றான். வீரணன் விரலை மடக்கி எண்ணினார். ஏழு தடவை என்று ஒத்துக்கொண்டான். வருகிற வெள்ளிக்கிழமை தன் முறைத் தண்ணியையும் அண்ணன் வயலுக்கே விட்டுவிடுகிறேன், சுருளியிடம் சொல்லித் தன் பேரை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டான். வீரணன் கேட்க வந்தது வேறு. ஆனால் அதைக் கேட்டால் கல்லைச் சொல்ல வேண்டும். கேட்காமலே வீட்டுக்கு நடந்தார்.

அவருக்கு முன்னால் சங்கதி வீட்டுக்கு வந்துவிட்டது. சுருளிவேல் பிளீடராகி வந்ததும் தெருவில் பாதிப் பேரைப் பிடித்துக் கொடுக்கப் போகிறான், நோட்டில் நம்பர் போட்டு வைத்திருக்கிறான் என்று வேலுச்சாமி குறுக்குப் பாதையில் ஓடி வந்து சொல்லியிருந்தான். பூசாரி சின்னக்கருப்பு வாசலில் காத்திருந்தார். தான்தான் பட்டியலில் முதல் ஆள் என்று கேட்டதும் முதலில் கொஞ்சம் நிமிர்ந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். போன ஆடியில் வீரணனின் வேலி முள்ளை வெட்டிப் பொங்கல் அடுப்புக்கு வைத்தது, சாமி காரியம்தானே என்று செய்தது, சாமியே காட்டிக் கொடுத்துவிட்டதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து என்னென்னவோ ஒத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தன் ஒத்துக்கொண்ட கோழி வீரணனுடையதே இல்லை.

கடைசியில் மாயக்காள் வந்தாள்.

“அண்ணே, எம் பேருமா இருக்கு? நான் என்ன செஞ்சேன்?”

“வெளக்கு” என்றார் வீரணன்.

“என்ன வெளக்கு?”

“கப்பல் வெளக்கு. ராமேசுவரம்.”

மாயக்காள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “அது கப்பல் வெளக்குன்னு எனக்குத் தெரியாதுண்ணே. சத்திரத்து வாசப்படியில ஒரு அகலு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கால் பட்டுக் கவுந்துருச்சு. ஒருத்தரும் பாக்கலன்னு பேசாம வந்துட்டேன். கப்பலுக்கு எதுவும் ஆயிருச்சா?”

இத்தனை நேரம் வீரணனுக்கு மனசின் ஒரு ஓரத்தில், பயல் ஏதோ ஊகமாக எழுதியிருப்பான் என்று ஒரு ஆசை இருந்தது. அதுவும் போய்விட்டது. மார்க்கையன்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ராமேசுவரத்தில் அகல் கவிழ்ந்ததைக் கண்டுபிடித்தவனுக்கு, வாய்க்காலடியில் கல் நகர்ந்தது தெரியாமல் இருக்குமா?

“உங்க பேரு இல்லையாண்ணே அதுல?” என்று கேட்டான், கூட்டத்தில் நின்ற வேலுச்சாமி.

“பெத்த அப்பன் பேரை எவன்டா எழுதுவான்?” என்றார். சொல்லும்போது துண்டை உதறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலுச்சாமி அதைக் கவனித்துக்கொண்டான்.

ராத்திரி முழுக்க முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நல்லகண்ணு பேர் நோட்டில் இல்லை. அப்படியானால் கல் விஷயத்தைச் சுருளிக்குச் சொன்னவனே நல்லகண்ணுதான். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பாஸாகி வந்ததும் பயல் முதல் வழக்காக நல்லகண்ணு பக்கம் நின்று அப்பனைக் கூண்டில் ஏற்றப் போகிறான். ஒரு வருஷம். அவன் வருவதற்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. அவன் வந்து பார்க்கும்போது கல் இருந்த இடத்தில் இருந்தால் எதை வைத்து வழக்காடுவான்?

மறுநாள் உச்சிப்பொழுதில் கடப்பாரையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வாய்க்காலடிக்குப் போனார். கடப்பாரை துண்டுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் கல் நன்றாக வேர்பிடித்துவிட்டது. அவருக்கும் பன்னிரண்டு வயசு ஏறிவிட்டது. ஒரு முழம் தோண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தால் வாழைக்கு நடுவே வேலுச்சாமி, பூசாரி, மாயக்காள், அவர்களுக்குப் பின்னால் கீழத்தெருவே நின்றது. நோட்டைப் புதைக்கப் போகிறார், புதைத்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பின்னாலேயே வந்திருக்கிறார்கள். இத்தனை பேர் தன் தோட்டத்தை மிதிக்கிறார்களே என்று நல்லகண்ணுவும் ஓடி வந்தார்.

“மச்சான், என்ன தோண்டுறீக?”

புதையல், பெருச்சாளி, பூஜை என்று சொல்லியிருக்கலாம். கூட்டமும் நம்பியிருக்கும். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவன்போல் ஒருத்தன் கேட்டால் வீரணனுக்குப் பொறுக்காது.

“தெரியாத மாதிரி நடிக்காதய்யா. எம் மகனும் நீயும் பேசி வச்சுக்கிட்டது எனக்குத் தெரியும். வீரபாண்டித் திருவிழா அன்னைக்கு ஆறடி நகத்துனேன். இப்ப ஆறடி திருப்பி வைக்கிறேன். உனக்கும் எனக்கும் சரியாப் போச்சு.”

நல்லகண்ணு கல்லையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நான் சர்வேக்காரந்தான் தப்பா அளந்துட்டான்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் மச்சான்.”

வீரணனின் வேர்வை காய்வதற்குள் ஊர்க்கணக்கு எழுதும் கர்ணத்தை அழைத்து வந்துவிட்டார் நல்லகண்ணு. கல்லைப் பிடுங்க வேலுச்சாமி ஓடி வந்து கை கொடுத்தான். அஞ்சு வருஷக்காரனுக்கு ஒரு வருஷக்காரன் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. ஆறடி நிலமும் அதில் நின்ற வரிசை வாழையும் நல்லகண்ணுவுக்கு, வழக்கு ராஜி, கல்லை நகர்த்தினதைப் பற்றி இனிமேல் யாரும் பேசக்கூடாது என்று கர்ணம் எழுதினார். வீரணன் கைநாட்டு வைத்தார். பூசாரியும் மாயக்காளும் சாட்சி. சாட்சிக் கைநாட்டு வைக்கும்போது மாயக்காள், இதில் கப்பல் விஷயத்தையும் சேர்த்து எழுதி முடித்துவிட முடியுமா என்று கர்ணத்திடம் கேட்டாள். கர்ணம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சுருளிவேல் வந்து இறங்கினான். வழியில் தேவதானப்பட்டியில் ஏறிக்கொண்ட கருத்தம்மாளும் கூட வந்தாள். மகன் முகம் மலர்ந்திருந்தது. தெரிந்ததை முதலில் எழுதினதாகவும், மூணு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டதாகவும், சட்ட நம்பர் ஒன்றுகூட மாறவில்லை என்றும் வாசலிலேயே சொன்னான். இனி நல்லகண்ணு வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நம்ம கல்லு நட்ட இடத்திலேயே நிற்கும்போது அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

வீரணன் உள்ளே போய்ப் பருத்திக்கொட்டைக் கூடையைக் கவிழ்த்தார். நோட்டைக் கொண்டுவந்து மகன் காலடியில் போட்டார். தெரு வாசலில் கூடிவிட்டது.

“ஏலே, பெத்தவன் பேருக்கு நம்பரு போட்டு எழுதியிருக்கியே. கல்லை நகத்துனத உனக்கு யார்றா சொன்னா?”

“எந்தக் கல்லுப்பா?”

“நடிக்காதல. ஊர்ல இருக்கவன் பேரெல்லாம் எழுதினவன், நல்லகண்ணு பேரை மட்டும் ஏன் விட்ட?”

சுருளிவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பனைப் பார்த்தான், வாசலில் கைகட்டி நிற்கிற தெருவைப் பார்த்தான். கருத்தம்மாள்தான் குனிந்து நோட்டை எடுத்தாள். தினமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனுக்குப் பாடம் கேட்டவள் அவள். கடைசி ஏட்டில் ஒட்டியிருந்த பருத்திக்கொட்டைத் தூசியை ஊதிவிட்டு, மாமனாருக்கு மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

“நல்லகண்ணு மாமா மேலத்தெருவாச்சே, மேலத்தெருவைக் கொலைச் சட்டத்துக்கு வச்சிருக்காக மாமா, வீட்டு வரிசையா நெனச்சாத்தான் நம்பரு மறக்காதுன்னு நம்ம தெருவைச் சேதம் பண்ற சட்டத்துக்கு வச்சாக, பூசாரி வீட்டை நானூத்து இருபத்தஞ்சுன்னு வச்சு எண்ணிக்கிட்டு வாங்க, நம்மது பத்தாவது வீடு.”